வீட்டு நோயாளர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: முதல் போனிலிருந்து மூன்றாம் மாதம் வரை

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ஏஜென்சி மூலமாகவோ தெரிந்தவர் சொல்லியோ வீட்டு நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்கிற பெண்களில் நிறையப் பேர் சில மாதங்களுக்குள் விட்டுவிடுகிறார்கள். மலம், மூத்திரம் பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று விட்டவர்கள் குறைவு. அது இரண்டு வாரத்தில் பழகிவிடும். ராத்தூக்கம் போனது, இடுப்பு பிடித்துக்கொண்டது, பேசாத வேலையெல்லாம் தலையில் விழுந்தது, லீவு கேட்டால் மாற்று ஆள் இல்லை என்றார்கள், மோதிரம் காணோம் என்று பையைக் கொட்டச் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தால் இவைதான் வரும். இவற்றில் பாதிக்கு மேல் சேருவதற்கு முன்போ முதல் மூன்று நாளிலோ பேசித் தீர்க்கக்கூடியவை. தீராவிட்டாலும் வீட்டை மாற்றலாம், டியூட்டி நேரத்தை மாற்றலாம். அது புரியாமல் கை நன்றாகப் பழகிய பிறகு தொழிலையே விட்டுப் போவதுதான் வருத்தமான விஷயம்.

இங்கே சொல்வது நர்ஸிங் படிக்காமல் அட்டெண்டராகவோ, சில மாதப் பயிற்சி முடித்து நர்ஸிங் அசிஸ்டென்டாகவோ சேர்கிறவர்களுக்கானது. ஆள் வைக்கிற குடும்பத்தார் படித்தாலும் பயன் உண்டு. ஒவ்வொரு மாதமும் ஆள் மாறினால் முதலில் கஷ்டப்படுவது படுக்கையில் இருப்பவர்.

1. போனில் வேலை சொல்லும்போதே கேட்க வேண்டியவை

"வயசான அம்மா, லேசான வேலைதான்" என்று ஏஜென்சியில் சொல்வார்கள். லேசா கனமா என்பதை நீங்கள் கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நோட்டில் இவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்:

- நோயாளரின் எடை எவ்வளவு? தானாக எழுந்து நிற்பாரா, பிடித்தால் நிற்பாரா, முழுப் படுக்கையா?
- மூக்கில் உணவுக்குழாய், சிறுநீர்க் குழாய், தொண்டையில் துளை, ஆக்சிஜன் ஏதாவது உண்டா?
- படுக்கைப் புண் இருக்கிறதா?
- மறதி நோய், அடிக்கிற பழக்கம், ராத்திரி எழுந்து நடக்கிற பழக்கம் உண்டா?
- ராத்திரி எத்தனை தடவை எழுப்புவார்?
- வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள்? பகலில் நோயாளரும் நீங்களும் மட்டுமா?
- நீங்கள் படுக்க இடம் எங்கே, எந்தக் கழிப்பறை?
- இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. இரண்டு மாதத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் காரணம் அந்த வீட்டில் இருக்கிறது. முன்பு இருந்தவரின் போன் எண் கிடைத்தால் ஐந்து நிமிடம் பேசுங்கள். ஏஜென்சி சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

2. நேரக் கணக்கு

12 மணி நேர டியூட்டி, 24 மணி நேரம் தங்கி வேலை என இரண்டு வகை. தங்கும் வேலைக்கு மாதச் சம்பளம் கூடுதலாகத் தெரியும். மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 312 மணி. 18,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு சுமார் 58 ரூபாய். தங்கி வேலை, 30 நாளும் என்றால் 720 மணி. 22,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 31 ரூபாய் கூட வராது. சாப்பாடும் தங்குமிடமும் மிச்சம் என்பது உண்மைதான். ஊரிலிருந்து வந்து அறை எடுக்க வழியில்லாதவருக்குத் தங்கும் வேலைதான் கைகொடுக்கும். ஆனால் அந்த 720 மணியில் எத்தனை மணி நேரம் படுத்துத் தூங்க முடியும் என்பதைச் சேரும் முன்பே கேட்க வேண்டும்.

முழுப் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை 10, 12, 2, 4, 6 என்று ஐந்து தடவை. ஒவ்வொரு முறையும் டயப்பர் பார்த்து, துணி சரிசெய்து, திரும்பப் படுக்க அரை மணி நேரம் போகும். இப்படி ஒரே ஆள் ராத்திரியும் பகலும் தொடர்ந்து செய்ய முடியாது. செய்தால் இரண்டாவது வாரத்தில் புரட்டுவதைத் தவற விடுவார், மூன்றாவது வாரத்தில் முதுகெலும்பின் கீழே தோல் சிவக்கும், நான்காவது வாரத்தில் "சரியாப் பாத்துக்கல" என்ற பேச்சு வரும், அந்த மாதமே ஆள் மாறும். முழுப் படுக்கை நோயாளருக்கு இரண்டு ஆள், அல்லது ராத்திரி ஒரு பங்கை வீட்டார் எடுத்துக்கொள்வது என்று முதலிலேயே பேசுங்கள். காற்று மெத்தை போட்டால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்பதை மருத்துவரோ நர்ஸோ நோயாளரின் தோலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மெத்தை வாங்கியதாலேயே புரட்டுவதை நிறுத்த முடியாது.

12 மணி டியூட்டிக்காரர்கள் பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் ராத்திரி 8 மணிக்கு டியூட்டி மாறினால் வண்டி குறைவு. போக வர மூன்று மணி நேரம் ஆனால் வீட்டில் இருப்பது ஒன்பது மணி நேரம், அதில் சமையலும் பிள்ளைகளும் போகத் தூக்கம் ஐந்து மணி நேரம். அரை மணி தூரத்துக்குள் வீடு கேட்டு வாங்குவது, சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் லாபம்.

3. தாளில் எழுதி வாங்க வேண்டியவை

பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு பக்கத் தாள், அல்லது வாட்ஸ்அப் செய்தி போதும். நீங்கள் எழுதி அனுப்பி அவர்கள் "சரி" என்று பதில் போட்டாலே பின்னால் காட்ட ஏதாவது இருக்கும். அதில் வர வேண்டியவை: சம்பளம், தரும் தேதி, யார் தருவது, ஏஜென்சி எவ்வளவு பிடிக்கும், டியூட்டி நேரம், வாரத்தில் எந்த நாள் லீவு, அன்று யார் வருவார்கள், சாப்பாடு யார் பொறுப்பு, செய்யும் வேலைகள், செய்யாத வேலைகள், நோயாளர் மருத்துவமனையில் சேர்ந்தால் சம்பளம் உண்டா, நிற்க வேண்டுமானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்.

லீவு நாளில் வரும் மாற்று ஆளை ரிலீவர் என்பார்கள். "ரிலீவர் ஏற்பாடு ஆகும்" என்று பொதுவாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை யார் வருவார், பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத இடத்தில் லீவு கிடைக்காது.

சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ரொக்கமாகத் தந்தால் தேதி போட்டு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். அசல் சான்றிதழ், ஆதார் அட்டை எதையும் ஏஜென்சியிலோ வீட்டிலோ விட்டு வராதீர்கள், நகல் போதும். அசலைப் பிடித்து வைத்துக்கொண்டால் நாளைக்கு நீங்கள் நியாயமாக நிற்கவும் முடியாது. வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் கூடாது.

ஏஜென்சியை விட்டுவிட்டு நேரடியாக வா, கமிஷன் மிச்சம் என்று சில குடும்பங்கள் கூப்பிடும். பணம் கூடும், ரிலீவர் போய்விடுவார், சண்டை வந்தால் நடுவில் பேச ஆள் இருக்காது. முதல் வருடத்தில் இதைச் செய்யாமலிருப்பது நல்லது.

4. போகும் முன்

மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். முதல் ஊசியாவது போட்டுக்கொண்டு போங்கள். பையில் இரண்டு ஜோடி பருத்தி உடை, வழுக்காத ரப்பர் செருப்பு, தலைமுடியை இறுக்கிக் கட்டும் கிளிப், சிறிய நோட்டு, பேனா, கைக்கடிகாரம். வளையல், மோதிரம் வேண்டாம். வயதானவர் தோல் தாள் மாதிரி மெலிந்திருக்கும், லேசாக உரசினாலே கிழியும்.

கையுறை, டயப்பர், சோப்பு, டெட்டால் எல்லாம் நோயாளர் வீட்டுச் செலவு. கையுறை ஒரு பெட்டியில் 100 இருக்கும். படுக்கை நோயாளர் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடி ஆகும் என்பதால் ஒரு பெட்டி நாலைந்து நாள்தான் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "இவ்வளவு சீக்கிரம் தீருமா" என்ற பேச்சு வரும்.

5. முதல் நாள்

உள்ளே நுழைந்ததும் வேலையைத் தொடங்க வேண்டாம். வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்து நோயாளரின் தோலைத் தலையிலிருந்து கால் வரை பாருங்கள். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை, காதின் பின்புறம். சிவப்பு, புண், கன்றிய இடம் எங்கே, எவ்வளவு பெரிது என்று நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். படம் எடுப்பதானால் அவர்கள் போனில் எடுக்கட்டும். நோயாளரின் படம் உங்கள் போனில் இருக்கக் கூடாது. இந்தப் பத்து நிமிடத்தைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பழைய புண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகிறார்கள்.

அடுத்தது நகை, பணம். நோயாளர் உடம்பில் இருக்கும் நகையை வீட்டார் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழற்றாத நகை என்னென்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். பீரோ இருக்கும் அறை பூட்டியிருக்கட்டும். கடைக்குப் போகச் சொன்னால் ரசீதும் மீதிச் சில்லறையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

பிறகு நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். நேரம், சாப்பிட்டது எத்தனை மில்லி அல்லது எத்தனை கரண்டி, குடித்த தண்ணீர், சிறுநீர் அளவு, மலம் போனாரா, மாத்திரை கொடுத்த நேரம், ரத்த அழுத்தம், எந்தப் பக்கம் புரட்டியது. "2.00 – இடப்பக்கம். டயப்பர் மாற்றியது. முதுகு சிவப்பு இல்லை." இவ்வளவுதான், ஒரு வரி. அடுத்த டியூட்டிக்காரர் வந்ததும் 15 நிமிடம் இதை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவர் கேட்டால் காட்ட முடியும், பழி வந்தாலும் காட்ட முடியும்.

6. இடுப்பைக் காப்பாற்றுவது

இந்தத் தொழிலிலிருந்து ஒருவரை நிரந்தரமாக வெளியேற்றுவது இடுப்பு வலி. மற்றதெல்லாம் வீடு மாறினால் சரியாகும், தண்டுவடத் தட்டு பிதுங்கினால் அடுத்த வீட்டுக்கும் அதே இடுப்போடுதான் போக வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நோயாளரைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் சுமை 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. 60 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே ஏறத்தாழ 10 கிலோ. ஆகவே ஒருவரை "தூக்குவது" என்ற எண்ணத்தையே விட வேண்டும். உருட்டலாம், இழுக்கலாம், சாய்க்கலாம்.

முதலில் கட்டில் உயரம். வீட்டுக் கட்டில்கள் தாழ்வானவை, குனிந்து குனிந்தே இடுப்பு போகும். உயரம் மாற்றும் மருத்துவமனைக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும், குடும்பத்திடம் கேளுங்கள். முடியாவிட்டால் நடுவில் குழி வெட்டிய மரக்கட்டைகளைக் கால்களுக்கு அடியில் வைத்து மெத்தை உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரும்படி செய்யலாம். செங்கல் வேண்டாம், நழுவும். நோயாளர் தானாக இறங்கி நடப்பவர் என்றால் உயர்த்தக் கூடாது. உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படும் உயரம்தான் அவருக்கு.

புரட்டுவதற்கு ஒரு பழைய வேட்டியையோ பருத்திப் படுக்கை விரிப்பையோ நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி நோயாளருக்கு அடியில் எப்போதும் போட்டு வையுங்கள். டிரா ஷீட் என்பார்கள். வலப்பக்கம் புரட்ட வேண்டுமானால் இப்படி:

1. அவருடைய வலப்பக்கத்தில் நில்லுங்கள். அவர் வலது கையை உடம்பிலிருந்து விலக்கி வையுங்கள், இடது கையை மார்பின் மேல் வையுங்கள்.
2. இடது முழங்காலை மடக்கி நிறுத்துங்கள்.
3. உங்கள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்காலை லேசாக மடக்குங்கள்.
4. எதிர்ப்பக்கத்து, அதாவது அவருடைய இடப்பக்கத்து விரிப்பின் ஓரத்தைத் தோள் அருகிலும் இடுப்பு அருகிலும் பிடியுங்கள்.
5. "ஐயா, இந்தப் பக்கம் திரும்புறோம், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி, உடல் எடையை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றுங்கள். கையால் இழுக்கத் தேவையில்லை, உங்கள் எடையே அவரைத் திருப்பும்.
6. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. முழுப் பக்கவாட்டில் இல்லாமல் பாதிச் சாய்வில் நிறுத்துங்கள். முழுதாகச் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்திப் புண்ணாகும்.

தலைமாட்டை நோக்கி மேலே நகர்த்த இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். தனியாகச் செய்யும் ஆசையே வேண்டாம். பகலில் வீட்டில் யாரும் இல்லையென்றால் காலையில் அவர்கள் கிளம்பும் முன்பும் மாலையில் வந்த பின்பும் செய்துகொள்ளுங்கள்.

கட்டிலிலிருந்து வீல்சேர்: நாற்காலியைப் பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக, ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா, கால் வைக்கும் பலகை தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். விழுவது பெரும்பாலும் இந்த இரண்டை மறந்ததால்தான். நோயாளரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து இரண்டு நிமிடம் விடுங்கள், உடனே நிறுத்தினால் தலை சுற்றும். இடுப்பில் அகலமான துணிப் பட்டை கட்டி அதைப் பிடியுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும். உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ள விடாதீர்கள்.

விழப்போகிறார் என்று தெரிந்தால் தாங்கிப் பிடிக்க முயல வேண்டாம். ஒரு காலை முன்னால் வைத்து, உங்கள் தொடையில் சறுக்கியபடி அவரை மெதுவாகத் தரையில் இறக்குங்கள், தலையை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆள் கூப்பிடுங்கள். தனியாகத் தூக்கி நிறுத்தப் போய்த்தான் இரண்டு பேருக்கும் எலும்பு முறிகிறது.

7. நர்ஸ் வேலை, வீட்டு வேலை

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டுவது, நடக்க வைப்பது, டயப்பர், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் கருவியில் பார்த்து எழுதுவது உங்கள் வேலை. நரம்பில் ஊசி போடுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, மூக்குக்குழாயோ சிறுநீர்க் குழாயோ மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைப்பது உங்கள் வேலை இல்லை. "முன்னாடி இருந்த பொண்ணு செஞ்சாளே" என்பார்கள். தவறு நடந்தால் முன்னால் இருந்த பெண்ணைத் தேட மாட்டார்கள். நர்ஸ் கூப்பிட வசதியில்லாத குடும்பமாக இருந்தால் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும்.

மூக்குக்குழாயில் உணவு கொடுக்க நர்ஸ் நேரில் கற்றுத் தந்தால் செய்யலாம். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. இருமல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். குழாயில் போட்ட குறி இடம் மாறியிருந்தால் கொடுக்கவே கூடாது, நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டு வேலை மெதுவாக நுழையும். முதல் வாரம் ஒரு டம்ளர், இரண்டாம் வாரம் சிங்க் நிறையப் பாத்திரம், மூன்றாம் வாரம் விருந்தாளிக்குச் சப்பாத்தி. முதல் டம்ளரிலேயே சிரித்த முகத்தோடு சொல்வதுதான் சுலபம்: "அக்கா, பாட்டியோட தட்டு டம்ளர் எல்லாம் நான் கழுவுறேங்க. வீட்டுப் பாத்திரம் நாம பேசினதுல இல்லீங்களே. நான் அடுப்படியில நின்னா பாட்டி எழுந்து விழுந்துடுவாங்க." நோயாளரின் பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அது உண்மையான காரணமும்கூட. ஒரு மாதம் செய்துவிட்டு நிறுத்தினால் சண்டைதான் வரும்.

8. தொற்று

கை கழுவுதல் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி. கையுறை போட்டிருந்தாலும், கழற்றிய பின் கழுவ வேண்டும். சோப்பால் கை வெடித்தால் டியூட்டி முடிந்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கையுறைக்கு முன் தடவினால் ரப்பர் இற்றுக் கிழியும். சிறுநீர்ப் பை எப்போதும் அடிவயிற்றை விடத் தாழ்வாக, தரையில் படாமல்.

இன்சுலின் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். கையில் குத்துவது அப்போதுதான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று மறைக்காதீர்கள்.

9. மனதை அடிக்கும் விஷயங்கள்

மறதி நோய் உள்ளவர் திருட்டுப் பட்டம் கட்டுவார். தானே தலையணை உறைக்குள் வைத்துவிட்டு "இவதான் எடுத்தா" என்பார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. "வாங்க பாட்டி, சேர்ந்து தேடலாம்" என்று கூட நின்று தேடுங்கள், அவர் வழக்கமாக ஒளிக்கும் இடங்களை நோட்டில் எழுதி வையுங்கள். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் இந்த நோயாளர்களுக்குக் குழப்பமும் கோபமும் கூடும். அஞ்சு மணிக்கே விளக்கைப் போடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள், குளிப்பாட்டுவதைக் காலைக்கு மாற்றுங்கள். அடிக்க வந்தால் கையை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு கை தூரம் பின்னால் நகருங்கள்.

சாதி கேட்பதும், தனித் தட்டு தருவதும், கழிப்பறைக்கு மாடிக்கோ கீழே வாட்ச்மேன் அறைக்கோ போகச் சொல்வதும் இன்றைக்கும் நடக்கின்றன. நோயாளர் உடம்பின் கழிவைத் துடைக்கும் கைக்கு அவர் வீட்டு டம்ளர் மறுக்கப்படுவது பெரிய அநியாயம், அதைப் பொறுத்துக்கொள்வது வேலையின் பகுதி அல்ல. ஏஜென்சியிடம் சொல்லி வீட்டை மாற்றுங்கள். கழிப்பறை தூரமாக இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், ஒரு மாதத்தில் நீர்க்கடுப்பு வந்து நிற்கிறது. அதனால்தான் கழிப்பறைக் கேள்வி முதல் போனிலேயே வர வேண்டும்.

பாலியல் தொந்தரவு நோயாளரிடமிருந்தும் வரும், வீட்டு ஆண்களிடமிருந்தும் வரும். நோயாளர் மூளை பாதித்து அப்படி நடந்தால் குடும்பத்தாரிடம் அன்றே சொல்லி, குளிப்பாட்டும்போது ஒருவர் கூட இருக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், அல்லது ஆண் அட்டெண்டரைப் போடச் சொல்லுங்கள். மற்றவர் செய்தால் அந்த வீட்டை விட்டு உடனே வெளியே வாருங்கள். பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வேலை செய்யும் வீடு பணியிடம். ஏஜென்சியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே உள் புகார்க் குழு இருக்க வேண்டும், இல்லையென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

10. ஓய்வும் இழப்பும்

முதல் மாத முடிவில் உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது தூங்குகிறேனா? காலையில் எழும்போதே இடுப்பு வலிக்கிறதா? டியூட்டிக்குக் கிளம்பும்போது வயிறு கலங்குகிறதா? நோயாளர் மேல் எரிந்து விழுகிறேனா? இரண்டுக்கு மேல் பதில் மோசமாக இருந்தால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ராத்திரி டியூட்டியைப் பகலுக்கோ, படுக்கை நோயாளரிலிருந்து நடமாடும் நோயாளருக்கோ மாற்றக் கேளுங்கள். இரண்டு படுக்கை நோயாளர் வீட்டுக்குப் பிறகு ஒரு நடமாடும் நோயாளர் வீடு என்று மாற்றி மாற்றி எடுப்பவர்களுக்கு உடம்பு நெடுநாள் தாங்குகிறது.

ஒரு வீட்டில் ஆறு மாதம் ஊட்டி, குளிப்பாட்டி, பேசிக்கொண்டிருந்த பெரியவர் இறந்துபோவார். குடும்பத்துக்குத் துக்கம் விசாரிக்கப் பத்துப் பேர் வருவார்கள். உங்களுக்கு அன்று சாயந்திரமே "நாளைக்கு அண்ணா நகர் டியூட்டி" என்று போன் வரும். முடிந்தால் இரண்டு நாள் கேட்டு வாங்குங்கள். இறுதிச் சடங்கில் நிற்க விருப்பம் இருந்தால் நில்லுங்கள், பெரும்பாலான குடும்பங்கள் அதை மதிக்கும். அழுகை வருவது பலவீனம் இல்லை. தூக்கம் வராமல், யாரிடமும் பேச முடியாமல் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அந்த மாதச் சம்பளம் இறந்த நாள் வரை கணக்கிட்டுத் தரப்பட வேண்டும். துக்க வீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஏஜென்சியைக் கேட்கச் சொல்லுங்கள்.

11. உங்கள் பெயரில் இருக்க வேண்டியவை

ஏஜென்சியில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 18,000க்கு 135 ரூபாய். பிடிக்கிறார்கள் என்றால் ஈ.எஸ்.ஐ. எண் கேளுங்கள். எண் தராமல் பிடித்தால் அது உங்கள் கணக்குக்குப் போகவில்லை என்று பொருள். இடுப்பு பிடித்து ஒரு மாதம் படுத்தால், போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைப்பது இதில்தான். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு.

குடும்பத்தாரே நேரடியாக வைத்திருந்தால் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள், வயது 18 முதல் 60 வரை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் பதிவும் இலவசம்.

12. நிற்பதானால்

அடி, பாலியல் தொந்தரவு, போனைப் பிடுங்கி வைப்பது, வெளியிலிருந்து பூட்டி வைப்பது: இவற்றுக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. 112க்கு அழைத்துவிட்டு, வெளியே வந்த பிறகு ஏஜென்சியிடம் பேசுங்கள். மற்ற காரணமென்றால் பேசியபடி ஏழு நாளோ பதினைந்து நாளோ முன்னால் செய்தியாக எழுதி அனுப்புங்கள். அடுத்த ஆள் வரும் வரை நோயாளரைத் தனியாக விட்டுக் கிளம்பாதீர்கள். ஆள் வரவில்லை என்றால் வீட்டாரை வரவழைத்து, நேரம் எழுதி, அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். முதல் நாள் செய்ததைப் போலவே கடைசி நாளும் தோலை வீட்டார் முன்னால் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதிதாக வருபவரிடம் நோட்டைக் கொடுங்கள், பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும், காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை, எந்தப் பாட்டுப் போட்டால் சாப்பிடுவார் என்பதை எல்லாம் சொல்லிவிடுங்கள். குடும்பத்தாரிடம் எத்தனை மாதம், எந்த மாதிரி நோயாளர் என்று எழுதிய ஒரு அனுபவக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அடுத்த வீட்டில் சம்பளம் பேசும்போது அந்தத் தாளை வைத்துத்தான் ஆயிரம் இரண்டாயிரம் கூட்டிக் கேட்க முடியும்.